பெயரில்லாச் செயற்கூறைத் தேடி

பருவ விடுமுறையில் மூவாரிலுள்ள மாமாவின் தளவாடக் கடைக்கு ஜாவாவில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை, வாசலில் லாரி காத்திருக்க, விநியோகச் சீட்டு அச்சாகாமல் நிரல் நின்றுவிட்டது. பிழைச் செய்தியில் ‘லாம்டா$மெயின்$3’ என்றொரு பெயர். நான் வைத்த பெயரன்று அது.

2014இல் வெளிவந்த ஜாவா 8 முதல் செயற்கூறுகளைப் பெயரிடாமலே எழுதலாம். ஆனால் தொகுத்த நிரலுக்குப் பெயர் வேண்டுமே! எனவே தொகுப்பி, அது எந்தச் செயற்கூறுக்குள் எழுதப்பட்டதோ அதன் பெயரோடு, 0இல் தொடங்கும் வரிசை எண்ணையும் சேர்த்து ஒரு பெயர் சூட்டுகிறது. குறுந்தொகை 40ஆம் பாடலின் புலவர் பெயர் தெரியாமல், பாட்டிலுள்ள உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றார்கள் அல்லவா, அதுபோலத்தான்.

3 என்றால் நான்காவது. மடிக்கணினியிலிருந்த மூல நிரலில் எண்ணிப் பார்த்துத் திருத்தினேன். பலனில்லை. கடையில் நிறுவிய பிறகு மேற்பகுதியில் புதிய செயற்கூறொன்றைச் சேர்த்திருந்தேன், வரிசை நகர்ந்துவிட்டது. ஜாவா தொகுப்பி வழக்கமாக வரி எண் அட்டவணையையும் எழுதிவைக்கும். கோப்பு சிறிதாகட்டுமென்று நான்தான் அதை நீக்கச் சொல்லியிருந்தேன். மிச்சமானதோ சில கிலோபைட்டுகள்!

நல்லவேளை, நிறுவிய மூலப்படி விரலியில் இருந்தது. அதையே அட்டவணையோடு தொகுத்து ஓட்டினேன். 47ஆம் வரி: விலை குறிக்கப்படாத ஒரு நாற்காலி. லாரி புறப்படும்போது மணி மூன்று.