மூன்று நேரத்து அனுமதியும் பிள்ளைகள் கையிலிருக்கும் போனும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இந்த வாரம் ஐந்தாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். “சின்னப் பிள்ளைதானே ஹஜ்ரத், பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம்” என்கிறார்கள் பெற்றோர். குர்ஆன் அப்படிக் காத்திருக்கவில்லை. சூரா அந்நூரின் 58ஆவது வசனத்தைப் பாருங்கள். பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்கிறது: ஃபஜ்ருக்கு முன், மதியம் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். தொழுகையே கடமையாகாத வயது அது. ஆனாலும் எதைப் பார்க்கக் கூடாது, எங்கே கேட்டுவிட்டு நுழைய வேண்டும் என்ற பாடம் அப்போதே தொடங்கிவிடுகிறது.

இன்று அதே பிள்ளை அத்தாவின் அறைக் கதவைத் தட்டுகிறது. போனுக்குள் மட்டும் கேட்காமல் நுழைகிறது. அந்த போன் வழியாக நம் வீட்டுக்குள் வருபவர்களும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் என்பது என்னவென்று முதலில் புரியவையுங்கள். ஒளுவின் படிகளைப் பிள்ளையை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும், வரிசை மாறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். (ஷாஃபிஈ மத்ஹபில் வரிசை ஃபர்ளு, ஹனஃபியில் சுன்னத் என்பதையும் அப்படியே சொல்லிவிடலாம்.) இப்படி எழுதிக்கொடுத்த படிகளை எழுதியபடியே செய்யும் கருவிதான் கம்ப்யூட்டர். அந்தப் படிகளுக்கு அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்தக் கருவிக்கு ஹலால், ஹராம் தெரியாது. ஒரு வீடியோவில் பிள்ளை சற்று நேரம் நின்றால் அதுபோல இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். வருவதையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

பிறந்த வருடத்தை நீங்கள் பொய்யாகச் சொன்னாலும் அது நம்பிவிடும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகவே கணக்கு தொடங்க அனுமதி தருவதில்லை. நம்மில் பலர் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு தொடங்கித் தருகிறோம். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லி அவருடைய தாய் அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத்). ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்த எச்சரிக்கை!

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். உமர் பின் அபீஸலமா (ரலி) என்ற சிறுவரின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, பிஸ்மி சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்கு அருகில் உள்ளதை எடு என்ற அளவிலேயே நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதுவும் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே. நீங்களும் போன் கையில் இருக்கும்போதே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தின் பெயரையும் வீட்டு முகவரியையும் யாருக்கும் சொல்லாதே. போட்டோ கேட்டால் எங்களிடம் கேட்காமல் அனுப்பாதே. பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் யாரிடமும் சொல்லாதே.

இவற்றைவிட முக்கியமானது ரகசியம் பற்றிய பாடம். தீய எண்ணத்தோடு வருபவன் முதலில் பயமுறுத்துவதில்லை. கேமில் சேர்ந்து விளையாடுவான், புகழ்வான், பரிசு தருவான். பிறகு, “இது நமக்குள் இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லாதே” என்பான். சிறுவர் அனஸ் (ரலி) அவர்களும் ஒரு ரகசியத்தைக் காத்தார்கள். ஒருநாள் வீட்டுக்குத் தாமதமாக வந்தபோது தாயார் காரணம் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள், அது ரகசியம் என்றார்கள். தாயாரும் அதை யாரிடமும் சொல்லாதே என்றார் (முஸ்லிம்). கவனியுங்கள்: மகன் யாருடைய வேலையாகப் போனான் என்பது தாய்க்குத் தெரியும். அந்த ஆளைப் பற்றியும் தெரியும். ஆளையே மறைக்கச் சொல்லும் ரகசியம் வேறு வகை. இந்த வித்தியாசத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம்.

ஆனால் பிள்ளை உங்களிடம் வந்து சொல்ல வேண்டுமே! சொன்னால் அடி விழும், போன் பறிபோகும் என்றிருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த தன்னை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட “சீ” என்று சொன்னதில்லை என்கிறார்கள் அதே அனஸ் (ரலி). பிள்ளை தவறான ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று வந்தால், முதலில் நீ சொன்னது நல்லது என்று சொல்லுங்கள். விசாரணை பிறகு. மிரட்டல் வந்திருந்தால் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அவை சாட்சியம். குடும்ப மானம் என்று மூடி மறைக்காதீர்கள். மூடினால் அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான். குழந்தைகளுக்கான 1098 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்களில் வெளியிடத் தடை விதிக்கிறது.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் கண்களையும் உள்ளங்களையும் பாதுகாப்பாயாக. அவர்கள் பயமின்றி வந்து பேசும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.