கருத்த முகமும் வெள்ளை வேட்டியும்

சாலவாக்கத்தில் காதணி விழா, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று எதற்குப் படமெடுக்கப் போனாலும், கேமரா முன்னால் வந்து உட்காரும் பெரியவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருப்பார். வயல் வேலையிலோ கல்குவாரி வேலையிலோ வெயில் பட்டுக் கருத்த முகம், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை, பின்னால் வெள்ளையடித்த சுவர். போர்ட்ரெய்ட் எடுப்பதில் இருக்கிற கஷ்டம் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது.

வெள்ளைத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். நல்ல கருத்த தோல் ஒரு பங்கை அனுப்பினால் அதிகம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; ஆக, இரண்டுக்கும் நடுவே மூன்று ஸ்டாப் வித்தியாசம். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டருக்கு இது முகம், இது சுவர் என்றெல்லாம் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வேட்டியும் சுவரும் ஃப்ரேமை நிறைத்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகத்தில் கண்ணே தெரியாது. அதே முகத்தை இருட்டு அறையில் நெருங்கி எடுத்தாலோ, திருநீறு பூசியது போல வெளுக்கடித்துவிடும். முகத்தைக் கண்டுபிடித்து அளக்கும் புதிய கேமராக்கள் ஓரளவு சமாளிக்கின்றன. ஆனால் அவையும் கருத்த முகத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் மேனுவலில்தான் எடுப்பேன். அளக்க என் உள்ளங்கை போதும். எவ்வளவு கருத்தவருக்கும் உள்ளங்கை வெளிறித்தான் இருக்கும். ஆள் உட்காரப்போகும் இடத்தில், முகம் பார்க்கும் திசையில் கையை நீட்டி, ஸ்பாட் மீட்டரில் அளந்து, அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி வைப்பேன். இப்படி வைத்தால் கருப்பு கருப்பாக வரும், வெள்ளை வெள்ளையாக வரும். படம் எடுத்ததும், எரிந்துபோன இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதியைப் பார்ப்பேன். வேட்டி மடிப்பில் ஒரு கீற்று மினுக்கினால் கவலை இல்லை. நெற்றியில் மினுக்கினால் குறைத்துவிட்டு மறுபடி எடுப்பேன். ரா ஃபைலாக எடுத்தாலும், எரிந்துபோன நெற்றியில் எந்த சாஃப்ட்வேரும் தோலைத் திரும்பக் கொண்டுவராது.

இத்தனை செய்தாலும் அந்த மூன்று ஸ்டாப் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க கேமராவைத் தொட்டுப் பயனில்லை, ஆளைத்தான் திருப்ப வேண்டும். உடம்பை வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தை மட்டும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொல்வேன். சட்டையில் வெளிச்சம் சாய்வாகப் பட்டு அடங்கும், முகம் நேராக வாங்கிக்கொள்ளும். கழுத்தும் கம்பீரமாக நிமிர்கிறது. செலவில்லாத இந்த ஒரு பழக்கத்தைத்தான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கே உட்கார வைப்பது? திண்ணை இருக்கிற வீடு கிடைத்தால் வேறு இடமே தேடமாட்டேன். தாழ்ந்த கூரை உச்சி வெளிச்சத்தை மறைத்துவிடும். வெயில் விழுந்த தெரு எதிரே கிடந்து, பக்கவாட்டிலிருந்தும் கொஞ்சம் கீழிருந்தும் வெளிச்சத்தை அனுப்பும். கண்குழிக்குள் நிழல் விழாது, கருவிழியில் தெருவே சின்னதாக மின்னும். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 வைத்தால் அப்பர்ச்சர் எஃப் 16 வரும். திண்ணை நிழலில் அதுவே 5.6, கூரை இன்னும் தாழ்ந்திருந்தால் 4. பின்புலம் மங்கி முகம் தனித்து நிற்க அதுவே தோதான அப்பர்ச்சர். திண்ணை இல்லாத மாடி வீட்டில் வாசற்படிக்கு ஓரடி உள்ளே நாற்காலியைப் போடுவேன். அறையின் ஆழம் தானாகவே இருண்டுவிடும்.

வடக்கு பார்த்த ஜன்னல் வெளிச்சமே சிறந்தது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அது அவர்கள் ஊர்க் கணக்கு. சாலவாக்கம் ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரவாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆவணித் தொடக்கம் வரை உச்சிக்கு வடக்கேதான் நடுப்பகலைக் கடக்கிறது. அந்த மாதங்களில் வடக்கு பார்த்த திண்ணையில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து ஏறும், தெற்குத் திண்ணைதான் நாள் முழுக்க நிழலாக இருக்கும். தை மாதத்தில் இது அப்படியே மாறிவிடும். ஆகவே, படமெடுக்கப்போகும் வீட்டுக்கு முதல் நாளே போய், அதே நேரத்தில் நின்று பார்த்துவிடுவது நல்லது.

கருத்த தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளுத்த தோலில் நிழல்தான் முகத்தின் வடிவத்தைக் காட்டும். கருத்த தோலில் அந்த வேலையைப் பளபளப்பு செய்கிறது. கன்னமேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றி ஓரத்திலும் விழும் மினுக்கம் போய்விட்டால் முகம் தட்டையாகிவிடும். சின்ன எல்இடி விளக்கை நேரே பிடித்தால் அந்த மினுக்கம் குத்தும் புள்ளியாகிறது. பெரிய வெளிச்சம், உதாரணமாக ஒரு முழு வாசல் அல்லது ஒரு முழு தெர்மாகோல் அட்டை, பக்கவாட்டில் இருந்தால் அந்த மினுக்கம் அகன்று, மெதுவாக நிழலில் கரையும். வியர்வையைத் துண்டால் ஒற்றச் சொல்வேன், அழுத்தித் துடைக்க விடமாட்டேன். பவுடர் வேண்டவே வேண்டாம். பாலு மகேந்திரா தானே இயக்கி ஒளிப்பதிவு செய்த ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

“கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடு தம்பி” என்று கேட்காத ஆயா இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேபுகளுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். உலகம் முழுக்கத் தோலின் நிறத்தை அவளை வைத்தே சரிபார்த்தார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுக்க வைத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி, டிஜிட்டல் நகலெடுத்துப் பாதுகாத்திருக்கிறது. அது அருமையான வேலை. அந்தக் காலத்து முகங்களை நான் உட்கார்ந்து பார்ப்பதே அவற்றில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கற்றுக்கொள்ளத்தான். ஆயாவிடம் நான் வாதாடுவதில்லை. வாசல் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து அங்கேயே காட்டுவேன். தன் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிற படத்தைத்தான் பெரும்பாலும் அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

சிவப்பு மஞ்சள் ஷாமியானாவுக்குக் கீழே மட்டும் எடுக்காதீர்கள். துணியின் நிறம் முழுக்க முகத்தில் இறங்கும், ஒயிட் பேலன்ஸை மாற்றினாலும் வேட்டி ஒரு நிறமாகவும் முகம் ஒரு நிறமாகவும் நிற்கும். பத்தடி தள்ளிப் பந்தலின் விளிம்புக்கு அழைத்து வந்துவிடலாம். நெல் வயல் நடுவிலும் இதே தொல்லை உண்டு, தாடைக்குக் கீழே பச்சை ஏறும். நெல் உலர்த்தும் சிமென்ட் களம் அதற்கு நேர்மாறு. மாலை வெயிலில் ஆளின் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிறுத்தினால், களமே பெரிய ரிஃப்ளெக்டராகி முகத்துக்கு வெளிச்சம் தரும். லாரி போகும் சாலையோரம் என்றால் லென்ஸ் ஹூட் கட்டாயம். குவாரித் தூசி படிந்த லென்ஸில் எதிர்வெயில் பட்டால் படம் முழுக்க வெளிறிவிடும்.

கடைசியில் பிரிண்ட். லேபில் ஃபைலைக் கொடுக்கும்போது “கரெக்‌ஷன் போடாதீங்கண்ணே, அப்படியே அடிங்க” என்று சொல்லிவிட வேண்டும். அங்கே இருக்கும் மெஷின் கருத்த முகத்தைக் கண்டால் தானாகவே வெளுக்க வைத்துவிடும். ஆல்பத்துக்கு முன்னால் நாலுக்கு ஆறு அளவில் ஒன்றை மட்டும் அடித்து, கடை ட்யூப்லைட்டில் பார்க்காமல், வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மற்றவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.