ஏரிக்கரையில் சைக்கிள்

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கலுக்கு சைக்கிளில் போகிறோம். பாதி தார்ச்சாலை, பாதி ஏரிக்கரைச் சரளை. எப்படித் தயாராவது?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: முதலில் முள். நம் ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் அரிது. பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றிவிட்டு ஏறி உட்காராதீர்கள். டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். ஒடிந்த முள்நுனி இருந்தால் துணி அதில் மாட்டும். அதைப் பிடுங்காமல் போட்டால் புது டியூபும் போய்விடும். ஆளுக்கு இரண்டு டியூப் அவசியம். பம்ப் ஒன்று கடைசியில் வருபவரிடம் இருக்கட்டும்.

சரளையில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்க வேண்டாம். தார்ச்சாலையில் கல்குவாரி டிப்பர்கள் வரும். ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு போவது இங்கே ஆகவே ஆகாது. இருப்பதில் மெதுவானவரின் வேகம்தான் எல்லோருக்கும்.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் அவசியம் நில்லுங்கள். குடவோலைத் தேர்தல் விதிகளைப் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-இல், வெட்டிவைத்த சுவர் அது. உப்புப் போட்ட மோரும் அங்கேயே குடித்துக்கொள்ளலாம். ஜனவரியில் போங்கள்: மழை விட்டுக் கரை காய்ந்திருக்கும், வேடந்தாங்கலில் பறவைகளும் இருக்கும்.