கான்கிரீட்டுப் பாதையைச் செப்பனிடும் முறை

வீட்டு வாயிலில் வண்டி ஏறி இறங்கும் கான்கிரீட்டுப் பாதையில் பள்ளம் விழுந்தால், அதன்மேல் சிறிது சிமெண்டுக் கலவையைப் பூசிவிடுவது வழக்கம். அப்பூச்சு விரைவிலேயே பெயர்ந்துவிடுகிறது. இது பெரும்பாலும் சிமெண்டின் குறையன்று, செய்முறையின் குறையே.

முதலில் பள்ளத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். பிடிப்பு விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். உறுதியான பகுதி தோன்றும் வரை அதனை உளியால் வெட்டி எடுக்க வேண்டும். ஓரங்கள் செங்குத்தாக அமைதல் நலம்; மெலிந்து சரியும் விளிம்பு சக்கரம் ஏறியதும் நொறுங்கும். உலர்ந்த பழைய கான்கிரீட்டு புதுக் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஆதலின் தூசியைக் கழுவி, பள்ளத்தை நன்கு நனைத்து, தேங்கிய நீரை ஒற்றி எடுத்தல் அவசியம்.

பின்னர்ச் சிமெண்டுப் பால் பூசி, அது உலருமுன் கலவையை இட்டுக் கெட்டிக்க வேண்டும். சிமெண்டு 1 பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, சிறு ஜல்லி 3 பங்கு என்பது தக்க அளவு. 50 கிலோகிராம் சிமெண்டிற்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாது. மிகுதியான நீர் ஆவியாகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்வதால் கான்கிரீட்டு வலிவிழக்கும்.

சிமெண்டு உலர்வதால் இறுகுவதில்லை; நீருடன் வேதிவினை புரிவதாலேயே இறுகுகிறது. எனவே கலவை இறுகத் தொடங்கியதும் ஈரச்சாக்கால் மூடி, சாதாரணச் சிமெண்டாயின் 7 நாட்களும், எரிசாம்பல் கலந்த சிமெண்டாயின் 10 நாட்களும் ஈரம் காயாது காத்தல் வேண்டும். கான்கிரீட்டின் வலிமை 28ஆம் நாளில் கணக்கிடப்படுவது. அதுவரை வண்டியை ஏற்றாதிருப்பின் செய்த வேலை நிலைக்கும்.