காத்திருந்தால் கெடுமா, சரியாகுமா?

அன்பு மருமகன் இளங்கோவுக்கு,

மார்பு வீங்கியிருப்பதால் வகுப்பில் கேலி செய்கிறார்கள், பி.டி. பீரியடுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது, ஆபரேஷனுக்கு அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும் மாமா என்று எழுதியிருந்தாய். பேசுகிறேன். அதற்கு முன் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இதற்கு கைனகோமேஸ்டியா என்று பெயர். பருவ வயதில் ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவதுதான். ஆண் உடம்பிலும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் சுரக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டும்வரை இரண்டின் விகிதமும் தடுமாறும். காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை மாதிரிக் கெட்டியாகத் தட்டுப்படும்; அழுத்தினால் வலிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் அதுவே வடிந்துவிடும். தானாக வடிவதைக் கத்தி வைத்து அறுப்பானேன்? அவசரப்பட்டு அறுத்தாலும், பருவ மாற்றம் முடியாத உடம்பில் அது திரும்ப வரலாம்.

சின்ன வயதில் தோற்றத்தைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதுமே தைத்துவிடுகிறார்கள். தீக்காயத்தால் கழுத்துத் தோல் இழுத்துக்கொண்ட பிள்ளையை அப்படியே விட்டால் தாடை வளர்ச்சியே கோணிப்போகும். காது ஐந்தாறு வயதிலேயே கிட்டத்தட்ட முழு அளவுக்கு வளர்ந்துவிடுவதால், புடைத்த காதை அப்போதே சரிசெய்யலாம். மூக்கோ பதினைந்து, பதினாறு வயதுவரை வளரும். ஆகவே வயதை மட்டும் பார்க்காதே; காத்திருந்தால் கெடுமா, சரியாகுமா என்று பார்.

மூக்கு பெரிதாக இருக்கிறது என்று புலம்பும் உன் தங்கையிடம் இதைச் சொல்: முகத்துக்கு ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது இது. கேமரா செய்யும் கூத்துக்கு மூக்கு என்ன செய்யும்?

சின்ன வயதில் அவசரம் தேவையா, காத்திருக்கலாமா என்றே சட்டங்களும் யோசிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகு அறுவை சிகிச்சையை 2008இல் தடை செய்தது. பிள்ளையின் நலனுக்குத் தேவை என்றால் விலக்கு உண்டு. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், பெற்றோரே சம்மதித்தாலும், அந்த வயதினருக்கு அழகுக்காக போடாக்ஸ், ஃபில்லர் ஊசி போடுவது குற்றம். நம் ஊரில் 18 நிரம்பும்வரை ஒப்புதல் படிவத்தில் அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்திடுவார்கள். கையெழுத்து அவர்களுடையது, தழும்பு உன்னுடையது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவோடு போய் ஹார்மோன் மருத்துவரைப் பார். சில மாத்திரைகளாலும், தைராய்டு அல்லது விதைக் கோளாறாலும்கூட இப்படி வரலாம் என்பதால் அவர் சோதித்துப் பார்ப்பார்; கூச்சப்படாமல் ஒத்துழை. ஜிம்மில் யாராவது ஊசியோ பவுடரோ கொடுத்தால் வாங்காதே. ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் கூடும். கேலி செய்கிறவர்களைப் பற்றி வகுப்பாசிரியரிடம் சொல். அவர்கள் வாயை மூட நீ ஆபரேஷன் டேபிளில் படுக்க வேண்டியதில்லை.

பதினெட்டு வயதிலும் வீக்கம் அப்படியே நின்றால் ஆபரேஷன் செய்துகொள்வதில் தவறே இல்லை. அன்றைக்கு நீயே யோசித்து, நீயே கையெழுத்துப் போடு. துணைக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
மாமா