மறுக்கும் முன் விளங்குவோம்

நம் மஹல்லாக்களில் மறுப்புப் பிரசுரங்களுக்குப் பஞ்சமில்லை. பலவற்றில் காணும் குறை, எதிர்த்தரப்பார் சொல்லாததைச் சொன்னதாக எழுதி, அதனையே மறுத்து வெற்றி கொண்டாடுவதாகும். மன்திக் கலையில் இதற்கு முகாலதா, அதாவது போலி வாதம் என்று பெயர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) என்ன செய்தார்கள்? பக்தாதில் பாடம் நடத்திக்கொண்டே, ஓய்வு நேரங்களில் தத்துவ ஞானிகளின் கிதாபுகளை ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆராய்ந்தார்கள். மேலும் ஓராண்டு சிந்தித்தார்கள். அவர்களுடைய கொள்கைகளை ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’வில் திரிக்காமல் எடுத்துரைத்தார்கள். மறுப்பை ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ எனும் தனி நூலாக்கினார்கள். மகாஸிதை முன்னுரையின்றி லத்தீனில் படித்த ஐரோப்பியர், இமாமவர்களையும் அந்தத் தத்துவவாதிகளில் ஒருவரென்றே எண்ணிவிட்டனர்! அத்துணை நேர்மை.

அவர்களுக்குப் பதிலெழுதிய இப்னு ருஷ்து (ரஹ்) அவர்களும் (1126–1198), இமாமின் வாசகங்களை முதலில் வைத்து, பின்னரே மறுமொழி கூறினார்கள்.

ஆகவே வீட்டுப் பிணக்காயினும் ஜமாஅத் வழக்காயினும், “நீங்கள் சொல்வது இதுதானே?” என்று கேட்போம். அவர் “ஆம்” என்ற பிறகே பதில் கூறுவோம். ஒருவரிடம் இல்லாததை அவர்மீது சுமத்துவது புஹ்தான் எனும் பாவம் என்பதை மறவோமாக.

அல்லாஹ் நம் நாவையும் பேனாவையும் காப்பானாக! ஆமீன்.