தாய்க்கும் வேண்டும் தன்னம்பிக்கை

விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டுக்கு விரையும் தாய்மார்களை நாம் அறிவோம். அவர்களுக்கு வருமானம் குறைவு. ஓய்வோ அதனினும் குறைவு. அவர்களுள் சிலர், "நான் படிக்காதவள், பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். இவ்வெண்ணம் பிள்ளையின் நலனையும் பாதிக்க வல்லதாகும்.

சான்றாக, ஆறு மாதம் நிறைந்த குழந்தையொன்று ஓசை வரும் பக்கம் திரும்புவதில்லை என்று கொள்வோம். அதனை முதலில் உணர்பவள் தாயே. தாதி கடிந்துகொள்வாரோ என்றஞ்சி அவள் வாய் திறவாதிருப்பின், செவிக்குறை அறியப்படாமலே மாதங்கள் கழியும். பிள்ளை பேச்சைக் கற்க வேண்டிய அருமையான காலமும் வீணாகும்.

'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கை பிறவியிலேயே அமைவதன்று. அது வளரும் வழிகள் நான்கென உளநூல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவற்றை நம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, தானே செய்து பெறும் வெற்றி. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பிள்ளையோடு பேசுங்கள். அது முகம் பார்த்துச் சிரிப்பதும் மழலையில் மறுமொழி தருவதும் உங்கள் வெற்றியே. இதற்குப் பணமும் படிப்பும் வேண்டுவதில்லை.

இரண்டாவது, நம்மைப் போன்றோரைக் கண்டு கற்றல். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுத் தாய் அடிக்காமலே அமைதிப்படுத்துவதைக் காணும்போது, நமக்கும் துணிவு பிறக்கிறது.

மூன்றாவது, ஊக்கமூட்டும் சொல். கணவரும் மாமியாரும் குறைகளையே அடுக்காமல், தாய் நன்கு செய்தவற்றைப் பாராட்டுதல் வேண்டும்.

நான்காவது, உடல், உள்ளம் ஆகியவற்றின் நிலை. களைத்த உடலுக்குச் சிறு வேலையும் மலையாகத் தோன்றும். மாலையில் தந்தை சிறிது நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அதுவே தாய்க்கு மருந்தாகும்.

நம்பிக்கை ஒன்றே வறுமையைப் போக்கிவிடாது என்பதும் உண்மையே. எனினும், வறுமையிலும் பிள்ளைக்காகத் துணிந்து பேசும் ஆற்றலை அது தரும். ஆகவே, அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குச் செல்லுமுன், பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், தயங்காது கேளுங்கள். உங்கள் பிள்ளையை நாள்தோறும் கண்டு வருபவர் நீங்களன்றோ!